ஹீட்டர்காரர் வந்தபோது

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாப்பிள்ளை நலமா? போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை, இனிமேல் போடு.

என் மகள் படிப்பை முடித்துவிட்டாள். வேலை தரும் நிறுவனம் அவளுக்காக வேலை விசா கேட்டிருக்கிறது. பதில் வரும்வரை இங்கே இருக்கலாம். மறுத்துவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நேற்று அழைப்புமணி அடித்தது. கதவுத் துளையில் பார்த்தால் சீருடையில் ஒருவர். விசா விசாரிக்க வந்த அதிகாரியோ என்று நான் கையைக் காட்ட, இவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கதவைத் திறந்தேன். அவர் இவள் பெயரைச் சொன்னார். நம் கான்வென்ட் பள்ளியில் மதர் சுப்பீரியர் முன் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் ஹீட்டர் பழுது என்று கூப்பிட்டது யார் என்று அவர் கேட்டுவிட்டு, கருவிப் பெட்டியோடு போய்விட்டார்.

"சட்டப்படி நான் இங்க இருக்கலாம்மா! எதுக்கு ஒளியச் சொன்னீங்க?"

"நீ எதுக்குடி ஒளிஞ்ச?"

இருவரும் சிரித்தோம். அவள் போய் வாசல் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். நான் கதவுத் துளையில் மறுபடி பார்த்தேன்.

ஊரில் என் பீரோவிலிருக்கும் கம்பளிச் சால்வையை அனுப்பு. மாடியில் அவள் அறையை இப்போது வாடகைக்கு விடாதே. கேட்பவர்களிடம் வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல். பொய்தான், பரவாயில்லை.

வாசல் மணி அடிக்கிறது. முடிக்கிறேன்.

அக்கா