டெபோராவின் பெயருக்குப் பக்கத்தில்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

ஃபெபி எழுதுவது. உன் வீட்டுக்காரர் மகேஸ்வரன் அண்ணனுக்குக் காலில் வைத்த கம்பியை எடுத்துவிட்டார்களா? கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மழை இல்லை. வெயில் காய்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். இரண்டு மாதமாகக் கடை போனில் நாம் பேசியதெல்லாம் பதிவாகி, அப்படியே எழுத்தாகி முதலாளியிடம் போயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சொந்தப் போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நீ லீவில் போன மறுவாரமே முதலாளி மந்திரமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு, நம் டிசைன் சாப்ட்வேருக்கு ஒரு கையேடு எழுதச் சொன்னார். “மனுஷன் வாசிக்கதுக்கு இல்ல, ஏ.ஐ. வாசிக்கதுக்கு. இனி போஸ்டரெல்லாம் அதுதான் போடும். அதுக்கு நம்ம ஊரு வழக்கம் ஒண்ணும் தெரியாது, வெளங்குத மாதிரி எழுது” என்றார். அதற்காகத்தான் உன்னிடம் அத்தனை கேள்வி கேட்டேன். துக்கப் போஸ்டருக்கு, கல்யாணப் படத்திலிருந்து இறந்தவர் முகத்தை எடுக்கும்போது, தோளில் கிடக்கும் இன்னொருவர் கையை எப்படி அழிப்பாய் என்று கேட்டேன். பேரப்பிள்ளைகள் பெயர் வரிக்குள் அடங்காவிட்டால் எதைச் சுருக்குவாய் என்று கேட்டேன். “ஏட்டி, நான் வாரதுக்குள்ள என்னையே முழுங்கிருவ போலிருக்கே” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ திரும்பி வரும்வரை சமாளிக்கத்தான் கேட்கிறேன் என்று நீ நம்பினாய். அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். துக்க அறிவிப்புக்கு நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? அந்தக் குடும்பத்தின் பழைய போஸ்டரை எடுத்துப் பார், அதில் இருந்த பெயர் வீட்டார் தரும் புதுப் பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த ஆளும் இறந்திருப்பார், துக்கத்தில் மறந்திருப்பார்கள், பெயரைச் சேர்த்துப் பக்கத்தில் சிலுவை போடு, ஆனால் வீட்டுக்குப் போன் போட்டுப் பைய கேட்டுக்கொள் என்றாய். கையேட்டில் ‘பெரும்பாலும்’ என்றெல்லாம் எழுதக் கூடாதாம், ஏ.ஐ. குழம்புமாம். அதை எடுத்துவிட்டேன். போன் போடுவது சாப்ட்வேரில் இல்லாத வேலை. அதையும் எடுத்துவிட்டேன்.

அப்பாத்துரை சார் இறந்துபோனார். மூன்று வருடம் முன்பு அவர் மனைவி சாரம்மாளுக்கு நீதான் போஸ்டர் செய்தாய். அதில் மகள் டெபோராவின் பெயர் இருந்தது. அதன்பிறகு அவள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். அவள் தம்பி ரிச்சர்ட் அனுப்பிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஏ.ஐ. கையேட்டில் உள்ளபடியே செய்தது. பெயரைச் சேர்த்துச் சிலுவையும் போட்டது.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள், எதிர்ச் சுவரில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

ரிச்சர்ட் வந்து சண்டை போடுவான் என்று முதலாளி பயந்தார். வந்தான். “இருக்கட்டும் அண்ணாச்சி, எங்களுக்கு அவ அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் டெபோரா கடைக்கு வந்தாள். கிழித்த போஸ்டரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள், பசை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. “எங்க அப்பா சாகுததுக்கு முன்ன இப்படிப் போடச் சொன்னாங்களா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை அக்கா, மிஷின் செய்த தப்பு என்றேன். “மிஷினுக்கு என் பேரு எப்படித் தெரியும்?” என்றாள். நான்தான் கையேட்டில் அப்படி எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சுகிர்தா. அப்பாதான் சொல்லியிருக்கிறார் என்று நம்பிக்கொண்டே அவள் ஓசூருக்குப் பஸ் ஏறியிருப்பாள்.

இனி இப்படி நடக்காமலிருக்க, முதலாளி அன்றைக்கே கையேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பிறகு, “சுகிர்தாட்ட இன்னும் இது மாதிரி என்னெல்லாம் இருக்கோ, அம்புட்டையும் கேட்டு வாங்கிரு” என்றார். அவள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாமே என்றேன். உன் கம்ப்யூட்டரை வெள்ளிக்கிழமை எடுத்துப் போய்விட்டார்கள். மேசையில் இப்போது பசை வாளி இருக்கிறது. உன் டிபன் டப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை காலை உனக்குப் போன் போட வேண்டும். முதலாளி பக்கத்தில் இருப்பார். நான் வழக்கம்போலத்தான் பேசுவேன். அண்ணன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மெதுவாக ஆரம்பிப்பேன். நீ எதுவும் சொல்லாதே. மறந்துபோச்சு என்று சொல். என்னைத் திட்டினாலும் சரி. மீதி இருப்பதையாவது உன்னிடமே வைத்துக்கொள். வேறு கடையில் அதற்காகவாவது உன்னை உட்காரவைப்பார்கள்.

அண்ணன் கால் ஊன்றி நடக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. இது கிடைத்ததும் என் சொந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. எடுக்க மாட்டேன். உன் பெயர் ஒரு தடவை திரையில் வந்தால் போதும்.

உன் பக்கத்து நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருக்கும்,
ஃபெபி