லக்ராஸ் கம்பு பன்னிரண்டு

3 ஜூன் 2003, செவ்வாய்

காலையிலிருந்து மேல்காற்று. கண், வாய், சோற்றுப்பானை எல்லாம் புழுதி. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருடமும் நான் தற்காலிக பி.டி. டீச்சர்தான்.

சாயங்காலம் ஹாக்கி கிளப்பிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனேன். தலைவர் அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, நாற்காலியில். செயலாளர் செல்வராஜ் பக்கத்தில் கைகட்டி. தரையில் ஒரு நீளப் பெட்டி, அண்ணாச்சி மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. உள்ளே பன்னிரண்டு கம்பு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன வலைப்பை. லக்ராஸ் என்று ஒரு விளையாட்டாம். பந்தைக் கையால் தொடக் கூடாது. வலையில் ஏந்தி ஓடி, எறிந்து, பிடித்து, கோல் போட வேண்டும்.

“பயலுவ ஒருத்தனும் தொடமாட்டேங்கான். நீ பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு தாயி” என்றார்.

பெண்களுக்கு ஹாக்கி டீம் வேண்டும், மைதானத்தில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஆறு வருடம் இதே வாசலில் நின்றேன். கிடைக்கவில்லை. இப்போது எவனும் தொடாத எச்சில் இலை எனக்கு. வாங்கிக்கொண்டேன். மைதானத்துக்குள் கால் வைக்க வேறு வழியில்லை. ஆனாலும் என் மேலேயே எரிச்சல்.

வாங்க வேண்டியது: விசிலுக்குக் கயிறு, சுண்ணாம்புப் பொடி, தைலம்.

5 ஜூன், வியாழன்

வெக்கை. மைதானம் கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் கிடக்கும் கரிசல் தரைதான் எங்களுக்கு. பாளம் பாளமாக வெடிப்பு, கால் உள்ளே போகும்.

“அங்கன ஆடுங்க டீச்சர். ஹாக்கிப் பயலுவளுக்கு இடைஞ்சல் ஆயிரக் கூடாதுல்லா.” செல்வராஜ். இந்த ஆளுக்கு ஒரு நாள் இருக்கிறது.

ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் என் பள்ளிக்கூடம். மூன்று பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை விட்டு நேராக வந்தவர்கள், அதில் மூத்தவள் முத்துமாரி. ஒருத்தி பேச்சி. பதினெட்டு வயது, ஊருக்கு வெளியே ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பெண், எந்த விளையாட்டும் ஆடியதில்லை.

இந்த ஊரில் பிறந்ததெல்லாம் ஹாக்கி பார்த்து வளர்ந்தது. எட்டு பேரும் குனிந்து, கம்பைத் தரையில் வைத்துப் பந்தை உருட்டினார்கள். பந்து வெடிப்புக்குள் போயிற்று. தோண்டி எடுத்தோம். திரும்பப் போயிற்று. பேச்சி மட்டும் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினாள். விசில் ஊதினேன். “தோளுக்கு மேல போகக் கூடாது!” மறுபடி தூக்கினாள். மறுபடி விசில். பத்துப் பன்னிரண்டு தடவை.

“அப்போ இந்த வலை எதுக்கு டீச்சர்?”

“சொன்னதைச் செய்” என்றேன்.

7 ஜூன், சனி

தலைவலி. ரேஷன் கடையில் சீனி இல்லை.

பெட்டிக்கு அடியில் ஒரு படப் புத்தகம். வாங்கிய அன்றே பிரித்திருக்கலாம், மெத்தனம். இன்றுதான் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெண்கள், அத்தனை பேர் கம்பும் தலைக்கு மேலே.

நான் பழகிய காலத்து ஹாக்கியில் கம்பு தோளுக்கு மேல் போனால் ஃபவுல். என் வாய் அதற்குத்தான் ஊதியிருக்கிறது. முதல் நாளே சரியாகச் செய்த ஒரே பெண்ணை எல்லோருக்கும் முன்னால் திட்டித் தீர்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அண்ணாச்சி மேலும் கோபம், என் மேலும் கோபம்.

9 ஜூன், திங்கள்

மன்னிப்புக் கேட்கவில்லை. “பேச்சி, நீ முன்னால வந்து நில்லு. எல்லாரும் அவளைப் பாருங்க” என்றேன். அவளுக்குப் புரிந்தது. ஓரமாகச் சிரித்தாள், கழுதை.

எறிவதைப் பிடிப்பது எப்படி என்று அவளே சொன்னாள்: “ஆட்டுக்குக் குழை ஒடிக்கப்ப மேல இருந்து கிளை வரும்லா, அத எதுத்துப் புடிச்சா கை போயிரும். கூடவே கம்ப எறக்கணும் டீச்சர்.” புத்தகத்தில் இதையே மூன்று பக்கத்துக்குப் படம் போட்டிருக்கிறான்.

இருட்டுவதற்குள் நான்கு பேர் பிடித்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஹாக்கிப் பையன்கள்: “ஏலே, டீக்கடை வடிகட்டியத் தூக்கிட்டு ஓடுதாளுவ பாரு!” முத்துமாரி திரும்பி, “பல்லை வடிகட்டிருவேன், வா இங்கன!” என்றாள். கண்டிக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

18 ஜூன், புதன்

இப்போது பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு கம்பு.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆண்டு விழா. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். லக்ராஸ் ஆடிக் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சி உத்தரவு. சந்தோஷமாகத் தலையாட்டினேன். அப்புறம் செல்வராஜ் சொல்கிறார், ஆடப்போவது பையன்களாம்!

“பேப்பர்ல போட்டோ வரும்லா டீச்சர். பொம்பளப் பிள்ளைய ஓடுதத போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்? வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கட்டும். அண்ணாச்சியும் அதத்தான் சொல்லுதாவ.”

நோகாமல் நொங்கு தின்ன வருகிறார்கள். வெடிப்பில் விழுந்து முட்டி பெயர்ந்தது என் பிள்ளைகளுக்கு, போட்டோ அவர்களுக்கு. பன்னீர்ச் செம்பில் என்ன ஊற்றலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். இங்கே எழுதக் கூடாது.

20 ஜூன், வெள்ளி

பிள்ளைகளிடம் சொன்னேன். முத்துமாரி தன் கம்பைத் திருப்பிப் பார்த்து, “வலையெல்லாம் தொஞ்சு கிடக்கு டீச்சர். வீட்டுக்குக் கொண்டு போயி இழுத்துக் கட்டிட்டு ஞாயித்துக்கிழமை கொண்டு வாரோம்.”

ஒரு வலையும் தொய்யவில்லை. “என்னுதும் தொஞ்சிருக்கு”, “என்னுதும்.” பன்னிரண்டு பேரும்.

சரி என்றேன்.

22 ஜூன், ஞாயிறு

பந்தல், மைக், நாலு மணிக்கே கூட்டம். புது ஜெர்சியில் பன்னிரண்டு பையன்கள், வெறுங்கையோடு. “கம்பு எங்க டீச்சர்?” “வரும்.” “எப்போ?” “வரும்னா வரும்.” செல்வராஜுக்கு வேர்த்து ஊற்றியது. நன்றாக ஊற்றட்டும்.

அதிகாரி உட்கார்ந்து மாலை வாங்கியபின் வந்தார்கள். வரிசையாக, பன்னிரண்டு பேரும், கம்பு தோளில். அதிகாரி எழுந்து, “ஓ, இவங்கதான் டீமா?” என்று கை தட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் அண்ணாச்சியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹாக்கி மைதானத்தில், நடு மைதானத்தில், இருபது நிமிடம். ஆறுக்கு ஆறாகப் பிரித்துவிட்டேன். 3–2. பேச்சி இரண்டு கோல். மூக்கு ஒழுக அழுதேன்.

பையன்களில் ஒருவன் செம்பை எடுத்துக் கிளம்பியவர்களுக்குப் பன்னீர் தெளித்தான்.

23 ஜூன், திங்கள்

காற்று நிற்கவில்லை. காலையிலேயே செல்வராஜின் சீட்டு: இனிப் பெண்களுக்கு கிளப்பில் இடம் இல்லை. கரிசல் தரையும் இல்லை. பன்னிரண்டு கம்பையும் இன்றே ஒப்படைக்க வேண்டும், பெயர்வாரியாக எழுதி, கையெழுத்துப் போட்டு.

பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். போலீஸ்காரி மாதிரி. முத்துமாரி துடைத்துக் கொடுத்தாள். சின்னவள் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று கம்பை மட்டும் நீட்டினாள். பதினொன்று சேர்ந்தது. சீட்டில் பதினொரு டிக்.

கடைசியாகப் பேச்சி. கிடைக்குத் தேடிப் போனேன். வெள்ளாடுகளுக்கு நடுவில் நின்றாள். கையில் லக்ராஸ் கம்பு, வலைக்குள் பந்து. என்னைப் பார்த்தாள், சைக்கிளில் கட்டியிருந்த கம்புகளைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை.

“என்கிட்ட இல்ல டீச்சர்.”

சீட்டை எடுத்து, நின்றபடியே, அவள் பெயருக்கு நேரே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.