சோபாவில் தூங்கிவிடும் அப்பாவும் உன் குறட்டையும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம், இந்தத் தடவை நிஜமாகவே சுகம்தான். அங்கே நீயும் மருமகளும் என் தங்கப் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் ஆமாம்மா ஆமாம்மா என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும்.

அப்பா பட்டறையில் ஒரு சோபாவுக்குப் புதுத் துணி போட்டு முடித்தால் தான் உட்கார்ந்து பார்க்காமல் கொடுக்க மாட்டார், உனக்கே தெரியும். கொஞ்ச காலமாக உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிடுவார். வாங்க வருகிறவர்களுக்கு ஒரே சந்தோஷம், செஞ்ச ஆளே தூங்குறாருன்னா மெத்தை எப்படி இருக்கும் பாரு என்று தெரிந்தவர்களையும் கூட்டி வந்தார்கள். வியாபாரம் நடக்கிறதே என்று நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். நாற்காலி வாங்க வந்த ஒரு நர்ஸம்மாதான் சிரிக்கவில்லை. குறட்டை பாதியில் நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல அப்பா திணறி விழித்ததைப் பார்த்துவிட்டு, இது அசதித் தூக்கம் இல்லம்மா, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ஸ்கேன் எடுத்ததில் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பும் கொஞ்சம் படிந்திருக்கிறது. குறட்டைக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று விடாமல் கேட்டேன், டாக்டர் பொறுமைக்காரர். மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூச்சு வந்ததும் ஏறுகிறது, தினமும் இப்படியே நடந்தால் குழாயின் உள்சுவர் உரசிப் புண்ணான தோல் மாதிரி வீங்கிப்போகும், அதைத்தான் அழற்சி என்கிறோம், அங்கே கொழுப்பு சுலபமாக ஒட்டும், நாளாக ஆகக் குழாய் குறுகும் என்றார். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம், வயசும் பிரஷரும் எடையும் கூடச் சேர்ந்திருக்கும் என்றார். நல்லவேளை, அடைப்பு பெரிதில்லை. மாத்திரை, நடை, தூங்கும்போது தொண்டைக்குள் காற்றைத் தள்ளும் ஒரு மாஸ்க், அவ்வளவுதான்.

அதைப் போடவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இத மாட்டிக்கிட்டு உன்னப் பயமுறுத்தவா என்றார். இத்தன வருஷம் உங்க குறட்டைக்கே பயப்படல, இதுக்கா பயப்படப் போறேன் என்றேன். வார் கன்னத்தில் உறுத்துகிறது என்று கழற்றி எறிந்தார், பிறகு தானே வெல்வெட் துண்டை எடுத்து வாருக்கு உறை தைத்துக்கொண்டார். இப்போது காலையில் எழுந்ததும் அவருக்கு வரும் தலைவலி போய்விட்டது, பட்டறையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரியே எழுந்திருக்கிறார். என்னண்ணே, இந்த மெத்தை சரியில்லையா, தூக்கம் வரலையே என்று வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். அன்றைக்குப் போனில் பேத்தி நீ குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள். அவள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சாட்சாத் நீதான், இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் பிறந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். நடுவில் சட்டென்று சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இல்ல பாட்டி, அப்பா இப்படித்தான் நிறுத்துவாரு, இனி பாருங்க என்று சொல்லி ஒரு திணறல் திணறினாள். அது அப்படியே உன் அப்பாவின் திணறல். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை கண்ணு. அப்பாவுக்குக் குழாயில் படிந்த பிறகுதான் தெரிந்தது, உனக்குப் படிவதற்கு முன்னாலேயே தெரிந்தால் எவ்வளவு நல்லது. வேலை இருக்கும்மா, அடுத்த மாசம் பாக்கலாம் என்பாய். அதனால் உன்னைக் கேட்காமல் மருமகளிடமே பேசி முடித்துவிட்டேன், டாக்டரிடம் உன் பெயரைப் பதிந்தும் விட்டாள். அத்தை, நீங்க சொன்னதா சொல்லவா, நானா சொன்னதா சொல்லவா என்று கேட்டாள் பாவம். சண்டை வந்தால் என்னோடு வரட்டும், நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, மூச்சு முட்டாமல் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். தேதியை மருமகளிடம் கேட்டுக்கொள், தள்ளிப்போடாதே. டாக்டர் என்ன கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாய், அதனால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போ, அவள் நடித்துக் காட்டட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா