சோடா அபி, சோடா அபு

திங்கள், 12
காலையிலிருந்து மழை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ மில்லுக்கு மோட்டார் சைக்கிளில். முழங்கால்வரை ஈரம்.

புதுப் பஞ்சுக்குச் சோதனை. காரக் கரைசலில் இழைகளை ஊறவிட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். முற்றிய இழை ஊதி உருண்டுவிடும். முற்றாதது நாடா போலத் தட்டையாகவே கிடக்கும். இன்று பெரும்பாலும் தட்டை. மூன்று தடவை எண்ணினேன், அதேதான். 'முற்றாத பஞ்சு, சாயம் சரியாகப் பிடிக்காது' என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்கியவர் அந்தோணி அண்ணன். விரலால் தொட்டே பஞ்சு வாங்குகிறவர். "நல்ல பஞ்சு மாதிரிதான்லா இருந்துச்சி" என்றார், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

வாங்க: கண் சொட்டு மருந்து, அரிசி, மழைக்கோட்டு.

புதன், 14
வெக்கை. அண்ணனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார் மேனேஜர். கான்டீனில் யாரோ: "பெரியவருக்கு விரல் மரத்துப் போச்சுலா." அவர் காதிலும் விழுந்திருக்கும். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்ய, எண்ணியது எண்ணியதுதானே.

வெள்ளி, 16
கரைசல் தீர்ந்தது. புதிதாகக் கலக்கினேன். குவளையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. போன தடவை இப்படிச் சுடவில்லையே. அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு டப்பா. மலாய்ப் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியது நானேதான். சோடா அபி, காஸ்டிக். சோடா அபு, துணி வெளுக்கிற சோடா. 'ப'வின் தலையில் சுழித்தால் அபி, மலாயில் நெருப்பு; காலில் இறக்கினால் அபு, சாம்பல். ஈரம் பட்டு இரண்டிலும் 'அப' மட்டும் மிச்சம். போன தடவை கலக்க நான் எடுத்தது அபு. அதில் எந்தப் பஞ்சும் ஊதாது.

அதே பஞ்சைப் புதுக் கரைசலில் போட்டேன். முக்கால்வாசிக்கு மேல் உருண்டை. மூன்று தடவை எண்ணினேனாம், பெரிய மேதாவி.

ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை.
"அப்ப என் கை சரிதானம்மா?"
"சரிதாண்ணே. நான்தான் டப்பா மாத்தி எடுத்துட்டேன்."
"நானும் விரல் போயிருச்சின்னே நெனச்சிட்டேன். வேலய விட்டு நிக்கிறேன்னு காலையிலதான் மேனேஜர்கிட்ட லெட்டர் குடுத்தேன்."
வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அங்கே அழவில்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதிக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல். நின்றபடியே எழுதினேன்: பஞ்சு நல்ல பஞ்சு, பிழை என்னுடையது. மேசை ஓரத்தில் அண்ணனின் கடிதம். என் தாளை அங்கே வைத்தேன், அண்ணனின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. இப்போது என் பையில் இருக்கிறது.