அது வாயு இல்லை, அண்ணா

என் பிரியமுள்ள அண்ணா,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னைக் கொன்ற நோய்க்கு இப்போது ஆஸ்பத்திரியில் பெரிய பிரெஞ்சுப் பெயர் சொல்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது அதற்கு வெறும் வாயு என்றுதான் பெயர்.

கப்பல் சரக்கு இறங்கும் கடல்பாலத்தில் மூட்டை தூக்கிவிட்டு, முதுகு வலிக்கிறது என்று நான் வேலை செய்யும் வார்டுக்கு வந்தாய். உன் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒன்று, நெஞ்சு துடிப்பதைப் போலத் துடித்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். அந்த மகராசன் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

"மலச்சட்டி கழுவறவ நாடி பாக்க ஆரம்பிச்சுட்டாளா? வாயு, வேறொண்ணுமில்ல. எருமையாட்டம் இருக்கான். நாளைக்கே வேலைக்குப் போவச் சொல்லு."

நீயும் போனாய். மூன்றாம் நாள் மூட்டையோடு பாலத்தின் மேலேயே சுருண்டு விழுந்தாய்.

உன் உடம்பை அறுத்து மாணவர்களுக்குக் காட்டியதும் அதே ஆள்தான். என்னை வெளியே போகச் சொன்னார்கள். உன்னைத் தனியே விட மனமில்லாமல் வாளியோடு நின்றேன். பிரெஞ்சில்தான் பேசினார். பன்னிரண்டு வருஷம் வார்டில் கிடந்தவளுக்கு அது புரியாதா?

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி வருகிறதாம். ஈரல், இரைப்பை, குடல், சிறுநீரகம் என்று எல்லாவற்றுக்கும் கிளை விட்டு, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறதாம். அதன் வலப்பக்கத்தில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரை. உனக்குச் சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே பெரிய குழாயின் சுவர் நைந்து, உப்பி, கிழிந்திருந்தது.

"கை வைத்தாலே துடிப்பு தெரியும். நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்" என்றார் அந்த மேதாவி.

அதற்கு வைத்தியம் யாரிடமும் இல்லை என்று எனக்கும் தெரியும், அண்ணா. ஆனால் மூட்டை தூக்காதே என்று சொல்ல என்ன படிப்பு வேண்டும்? பிள்ளைகளோடு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாயோ?

"பொய் சொல்லாதீங்க, முசே. கை வச்சது நானு. நீங்க எங்கண்ணனைத் தொட்டுக்கூடப் பாக்கல" என்றேன். மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே என்னை வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள்.

இப்போது நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கொட்டகையில் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் வார்டுக்குத் திரும்பலாமாம். "ஒரு பார்தோன் சொல்லிட்டுப் போயேன், வாயி தேஞ்சா பூடும்?" என்கிறாள் அண்ணி. பாவம், அவள் கவலை அவளுக்கு.

கேட்க மாட்டேன், அண்ணா. கொட்டகையைக் கடக்கும்போது அந்த டாக்டர்தான் தலை குனிந்துகொண்டு போகிறார். தினமும் நிமிர்ந்து நின்று அதைப் பார்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
அருளம்மா