இரண்டாவது பெல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலாம். மாடிப்படி ஏறாதீங்க என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு துணி காயப்போடக்கூட மேலே போவதில்லை, ஆனால் மாடி வீட்டுக்காரர் சீட்டாடக் கூப்பிட்டால் மட்டும் கால் தானாக ஏறிவிடுகிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வரேன் இதோ வரேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், சார்ஜர் ஒயரைக் கீழே தொங்கவிடாதே.

போன வாரம் நீ போனில் கேட்டாயே, பெரியம்மா ஏம்மா என் போனை எடுக்க மாட்டேங்கறாங்க, அன்னைக்கு கம்பெனிக்கு வந்த போலீஸ்ல நீயும் இருந்தியா என்று. சிக்னல் சரியில்லடி என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், இல்லை கத்துவாய், நான் பயந்துபோய் பாதியில் கதையை மாற்றிவிடுவேன். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் கேள்.

பெரியம்மா வேலை பார்த்த கையுறை கம்பெனி உனக்குத் தெரியாததா. நான் பந்தோபஸ்து, பந்தோபஸ்து என்று ஊர் ஊராகப் போனபோது உன்னைத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஓடிப்போய் அவள் உட்கார்ந்த மிஷின் அது. கட்டை விரல் மட்டும்தான் தைப்பாள், அதுதான் கஷ்டம், வளைவு தப்பினால் கையுறையே வீண். ஊர்ல பாதிப் பேரோட கட்டை விரல் நான் போட்டதுதான் என்று பீற்றிக்கொள்வாளே. அந்தக் கம்பெனியை முதலாளி வேறு ஊருக்கு மாற்றப் போகிறார் என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா, ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மிஷின் முதுகிலும் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டிருந்தது, லாரியில் ஏற்றும் வரிசை நம்பர். ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. மிஷின் வெளியே போய்விட்டால் அப்புறம் எவன் நம்மோடு உட்கார்ந்து பேசுவான் என்று பெண்கள் எல்லோருமாக முடிவு பண்ணி, அன்றைக்கு ஷிப்ட் முடிந்தும் வெளியே போகாமல் அவரவர் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கண்ணாடி உடைக்கவில்லை, ஒருத்தரையும் கையை நீட்டித் தொடவில்லை. தினமும் பெருக்கி, மிஷினுக்கெல்லாம் துணி போட்டு மூடி வைத்தார்கள். கேட்டில் வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற சோதனைக்காரியும் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள், அதைச் சொல்லும்போது பெரியம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குப் போனில் இதையும் சொன்னாள். அந்தக் கம்பெனியில் சாயங்காலம் இரண்டு பெல். முதல் பெல்லுக்கு மிஷினை நிறுத்த வேண்டும், இரண்டாவது பெல்லுக்குப் பையை எடுத்துக்கொண்டு கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும், பின்தங்கினால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டியதுதான். அப்படியே பழகிப் பழகி உடம்பில் ஊறிப்போய்விட்டது. உனக்கு ஞாபகம் இருக்குமே, நாம் சினிமாவுக்குப் போனபோது இடைவேளை மணி அடித்ததும் இவள் விருட்டென்று எழுந்து கைப்பையைத் திறந்து முன்சீட்டுக்காரர் முகத்துக்கு நேராக நீட்டினாளே, நீ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்த முதல் நாளும் அதே கதைதானாம். பெல் அடிச்சதும் காலு எழுந்திருக்கப் பாத்துச்சுடி, பக்கத்து மிஷின்காரி கைய நானும் என் கைய அவளும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டோம், ரெண்டாவது பெல் நிக்கறதுக்குள்ள உசுரே போயிடுச்சு என்றாள். அக்கா தங்கைக்குச் சொன்ன பேச்சு. மறுநாள் முதல் ஆபீஸ்காரர்கள் வராததால் பெல்லும் அடிக்கவில்லை.

இனி என் பக்கம். முதலாளி முதல் நாளே ஸ்டேஷனுக்கு வந்து குதித்தார், உடனே போய்த் தூக்கி வெளியே போடுங்கள் என்று. எங்கள் இன்ஸ்பெக்டர் அசையவில்லை. இது உங்களுக்கும் வேலைக்காரங்களுக்கும் உள்ள பிரச்சினை, அடிதடி இல்ல, எதுவும் உடையல, போலீஸுக்கு உள்ள என்ன வேலை, கோர்ட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயப்படாதே, எங்க ஆளுங்க வரமாட்டாங்க என்று அன்றைக்கே பெரியம்மாவுக்குச் சொன்னேன், அதையும் எழுதிவிடுகிறேன். முதலாளி கோர்ட்டுக்குப் போனார். இடத்தைக் காலி பண்ண வேண்டும், போலீஸ் கூட நின்று உதவ வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். கோர்ட் சொன்னா போகணும், அது கடமை, எப்படிப் போகணும்னு அதுல இல்ல, அது என் தலைவலி என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முன்னே ஒரு ஊரில் இதுபோல வெளியேற்றப் போனபோது தள்ளுமுள்ளில் ஒரு பெண் படியிலிருந்து விழுந்து அப்புறம் நடக்கவே இல்லையாம். இங்கேயும் செங்குத்தான இரும்புப் படி, உள்ளே பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, பிரஷர் மாத்திரை போடுகிற உன் பெரியம்மா.

அன்றைக்கு டீ குடிக்கும்போது எல்லோர் முகமும் தொங்கிக் கிடந்தது. என் நாக்குச் சும்மா இருக்குமா. சிரிக்க வைக்கலாம் என்று சினிமாக் கொட்டகைக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த குஷியில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதையையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை பெல் ஏட்டம்மா என்று கேட்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டதுடி. புரியாமல் சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதலாம், அப்பாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அடி விழாமல் முடிந்தால் போதும், அக்காவுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று அந்த நொடியில் ஒரு கணக்குப் போட்டு, ரெண்டு சார் என்றேன். முதல் பெல்லுக்கும் இரண்டாவது பெல்லுக்கும் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னேன்.

சாயங்காலம் போனோம். தடியெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கேட்டுக்குப் பக்கத்தில் பை சோதிக்கிற மேஜையை வழக்கமான இடத்தில் போடச் சொன்னார், சோதனைக்காரி இல்லாததால் அதன் பின்னால் என்னை நிறுத்தினார், கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர் என் பக்கத்தில் நின்றார். எதிரே படிக்கு மேலே திறந்திருந்த கதவு வழியாக உள்ளே தெரிந்தது. வெக்கையில் பாதிப் பேர் மிஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், பெரியம்மா கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, முதல் பெல் அடித்தது. ஓடாத மிஷினுக்கு அடியில் எல்லோர் கையும் போய் சுவிட்சைத் தேடியது. ஐயோ, அதைப் பார்த்தவள் நான். யாருக்கும் பக்கத்துக் கையைப் பிடிக்கத் தோன்றவில்லை, முதல் நாள் பெல் வரும் என்று தெரிந்து காத்திருந்தார்கள், இந்தத் தடவை யார் எதிர்பார்த்தார்கள். இரண்டாவது பெல்லுக்குப் பையை எடுத்தார்கள், செருப்பை மாட்டினார்கள், கண்ணைத் தேய்த்துக்கொண்டே வரிசையாகப் படி இறங்கினார்கள். வயதில் மூத்தவள் முன்னால் நிற்பது அங்கே வழக்கம். பெரியம்மாதான் முதலில் வந்தாள்.

வந்து, தலையைத் தூக்காமல், பையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். நான் தள்ளி நின்றிருக்கலாம். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விழித்திருப்பாள், அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் விழித்திருப்பார்கள். நான் பைக்குள் கையை விட்டேன். சீப்பு, மாத்திரை அட்டை, துண்டு, அதற்கு அடியில் சின்னதாக ஒரு ஜோடி கையுறை. வெட்டிப் போட்ட துண்டுத் துணியை ஒட்டுப்போட்டு, மிஷினைத் தொடாமல் உள்ளே உட்கார்ந்திருந்த நாட்களில் கையாலேயே தைத்தது. கட்டை விரல் என் சுண்டுவிரல் நுனி அளவு. கம்பெனித் துணியில் நூலிழைகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம், அது கம்பெனிப் பொருள், எடுத்து வையுங்க என்றார் செக்யூரிட்டி ஆபீசர். எடுத்து மேஜைமேல் வைத்தேன். அப்போதுதான் அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அது பாப்பாவுக்குடி என்றாள். பின்னால் வந்தவர்கள் தள்ள, அவள் கேட்டுக்கு வெளியே போய்விட்டாள். நடுவரிசையில் ஒரு பெண் திடீரென்று, அடியே எங்கடி போறீங்க, நில்லுங்கடி என்று அலறினாள், அதற்குள் பாதிக்கு மேல் வெளியே வந்தாகிவிட்டது, மிச்சம் இருந்தவர்களைப் பெண் போலீஸ் நாங்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தோம், கேட்டை மூடினோம். வெளியே வந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கக் கூசிப்போய் நின்றார்கள். மறுநாளே மிஷினெல்லாம் சாக்குக்கட்டி நம்பர்படி லாரியில் ஏறிப் போய்விட்டது. இப்போது பேச்சுவார்த்தையும் கிடையாது ஒன்றும் கிடையாது.

ஒரு அடி விழாமல் முடித்ததற்கு எங்களுக்குப் பாராட்டுப் பத்திரமாம், அதில் என் பெயரும் இருக்கிறதாம். எனக்கு வேண்டாம் சார், பேரை எடுத்துடுங்க என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பேரை எடுத்துடலாம் ஏட்டம்மா, அடிச்ச பெல்லை என்ன பண்றது என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய், நான்தான் சொன்னேன் அக்கா என்று சொன்னேன். தெரியும் என்றாள், உன்னத் தவிர யாருகிட்ட சொன்னேன் என்றாள். உனக்கு அடி படக்கூடாதுன்னுதான் என்று இழுத்தேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அடிச்சு இழுத்துட்டு வந்திருந்தா எதுத்து நின்னோம்னு ஒரு பேராவது மிஞ்சியிருக்கும்டி, எங்க காலே எங்கள வெளிய கொண்டாந்து விட்டுடுச்சு, இனிமே யாரு மூஞ்சில நாங்க முழிக்கறது என்றாள். இரண்டு நாள் கழித்து நம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவளிடம் கொடுத்த சாவி. அப்பா சிரித்துப் பேசிப் பார்த்தார், உட்காரவில்லை. அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூடும் ஒரு போர்வையும் இங்கே கிடந்தது, எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து பையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். பாத்துக்கோ, உன் வீட்டுலேருந்து எதையும் எடுத்துட்டுப் போகல என்றாள். நான் ஜிப்பை இழுத்து மூடினேன். அவள் மறுபடி திறந்தாள், பாத்தாத்தான் போவேன் என்றாள். பார்த்தேன். போய்விட்டாள்.

வெட்கமாக இருக்கிறது கண்ணு, யூனிஃபார்மை மாட்டும்போதும் வெட்கம், கழற்றும்போதும் வெட்கம். செய்தது கடமை என்று ஸ்டேஷனில் இரண்டு பேர் சொல்கிறார்கள், இருக்கலாம், அக்கா பைக்குள் கைவிட்டதை எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு விடாமல் போன் போடு, என்றைக்காவது எடுப்பாள். எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் என்னைத் திட்டினால் ஆமாம் என்று கேட்டுக்கொள். மாத்திரை போடுகிறாளா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, பாப்பாவுக்குக் கடையில் கையுறை வாங்கிப் போடு, பெரியம்மா தைத்தது வராது.

இப்படிக்கு,
உன்னிடமும் மறைக்கத் தெரியாத
அம்மா