நீங்கள் போட்ட எண் சரிதான், மைனி

என் செல்ல கிரேஸ் மைனிக்கு,

ஆறப் போட்டு எழுதலாம் என்று நான்கு நாள் பார்த்தேன். ஆறவில்லை. சரி, சூடாகவே எழுதிவிடுகிறேன். பூதப்பாண்டியில் எல்லைக்கல் தப்பாக விழுந்தது உங்களால் அல்ல, மைனி. அத்தாட்சி என் கையில் இருக்கிறது. இனி யாராவது உங்கள் பெயரை அந்தக் கல்லோடு சேர்த்துச் சொன்னால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மனைவியான நீங்களும் நானும் தக்கலையில் ஒரு சர்வே ஆபீசில் கம்ப்யூட்டரில் நிலப்படம் வரைந்தோம். நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண்கள் உண்டு: கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர். படத்தில் மூலையைத் தொட்டால் கம்ப்யூட்டரே எண்ணைப் படித்துப் பக்கத்தில் எழுதிவிடும். களத்துக்குப் போகிறவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் கல் நடுவார்கள்.

கம்ப்யூட்டர் எழுதினாலும் நீங்கள் விடமாட்டீர்கள். களத்தில் அளந்து எழுதிய குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒத்துப் பார்ப்பீர்கள். "எந்திரம் எழுதுனா போதாதாக்கும்?" என்று நான் கேலி செய்வேன். "எந்திரத்தையா ஏசப் போறானுவ? நம்மளத்தான ஏட்டி ஏசுவானுவ" என்பீர்கள்.

ஆபீசை நடத்தும் நம்ம சாருக்கு ஒரு பழக்கம் உண்டே. எந்தப் படமானாலும் ரோடு தாளின் அடியில் நேராகப் படுத்திருக்க வேண்டும். "அப்பத்தான் பார்ட்டிக்கு வெளங்கும்" என்பார். நிலம் கொஞ்சம் சாய்ந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. நீங்கள் படத்தை அசைக்காமல், திரையில் பார்க்கிற கோணத்தை மட்டும் திருப்பி அச்செடுப்பீர்கள். படத்தையே திருப்பினால் மூலைகள் இடம் மாறிவிடும், எண் பொய்யாகிவிடும் என்று அவருக்கு எத்தனை தரம் சொன்னீர்கள்? கேட்டாரா மனுஷன்?

பூதப்பாண்டி மனை வேலையில் கற்கள் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் போய் நின்றன. வயல்காரர் அண்ணாச்சி நேரே ஆபீசுக்கு வந்து நின்று சத்தம் போட்டார். "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள போட்ட கணக்கா இது? என் வயல்ல கல்லு நடச் சொன்னது யாரு?" சார் வாய்கூசாமல் உங்கள் பக்கம் கையை நீட்டினார். தாளில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயர்தானே இருந்தது.

"நான் போட்ட எண்ணு சரி" என்றீர்கள். அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. வளைகுடாவிலிருந்து அண்ணன் போனில், "ஒரு மன்னிப்பு கேட்டா தீருமுல்லா" என்றான். நானும் அதையேதான் சொன்னேன். "செஞ்சவன் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டீர்கள்.

இரண்டு வருஷத்தில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. அந்த மனக்கஷ்டத்தால்தான் நோய் வந்தது என்று நான் எழுதமாட்டேன். தெரியாததை எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட அந்தக் கல் கதையைப் பேசினார்கள், மைனி. அது எனக்குத் தெரியும், என் காதால் கேட்டேன்.

போன மாதம் களியக்காவிளையில் ஒரு கல்யாணம். பந்தியில் உங்கள் மகள் ஜெனி என் பக்கத்தில் இருந்தாள். பதினோரு வயசாகிறது, அப்படியே உங்கள் நெற்றி. எதிரே இருந்த ஒரு பெண்மணி, "கல்ல மாத்திப் போட்ட கிரேசுக்க பிள்ளையா இது?" என்று கேட்டாள். பிள்ளை பிசைந்த சோற்றை அப்படியே இலையில் வைத்துவிட்டாள். இவளும் இதைத் தூக்கிச் சுமக்கணுமா?

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஆபீசின் பழைய அலமாரியைக் குடைந்தேன். சனிக்கிழமைதோறும் நீங்கள் சிடியில் எழுதி, கையெழுத்தில் ஊர்ப்பெயர் போட்டு வைப்பீர்களே, அது கிடைத்தது. பூதப்பாண்டி. திறந்து, நீங்கள் செய்த மாதிரியே, அதே அலமாரியில் இருந்த குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு மூலைகூடப் பிசகவில்லை.

பிறகு களத்துக்குப் போன படத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து அதன் மேல் வைத்தேன். ஒரே ஒரு மூலைதான் பொருந்தியது. அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு யாரோ படத்தையே திருப்பியிருக்கிறார்கள். சாய்ந்துபோன எண்களை அழித்துவிட்டு, மூலைகளைத் தொட்டுப் புதிதாக எழுதவைத்திருக்கிறார்கள். பிடித்த மூலை அசையாததால் முதல் கல் சரியாக விழுந்தது, களத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரோடு மட்டும் அழகாகத் தாளின் அடியில் படுத்திருக்கிறது! கோப்பைக் கடைசியாகச் சேமித்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கும்? சாரிடம் மட்டும்.

இரண்டு படத்தையும் அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஆபீசில் எல்லாரும் இருக்கும்போதுதான் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாந்தான் திருப்பியிருப்பேன்னு நெனைக்கேன். இப்ப அதுக்கு என்ன? ஆளே போய்ச் சேந்தாச்சுல்லா."

"போய்ச் சேந்தவங்களால வந்து பேச முடியாது சார். நான் இருக்கேன். அந்த அண்ணாச்சிகிட்ட உங்க வாயால சொல்லணும்."

"ஷீபா, உனக்கு வேல வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

என் வாயிலிருந்து வந்ததா அது என்று எனக்கே ஆச்சரியம்.

அச்செடுத்த தாள்களோடு பூதப்பாண்டிக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். "அந்தப் பிள்ளைய என்னெல்லாம் ஏசிட்டேன். வீடு எங்கயாக்கும்? நான் வாரேன்" என்றார். மறுநாளே இரணியலில் நம் வீட்டுக்கு வந்து, என் அம்மா முன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னாலும் ஜெனியிடம், "உங்கம்மா போட்டது சரியாக்கும் மக்கா. தப்பு எங்களுக்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டீர்களா மைனி? முழுசாகச் சொன்னார்.

அவர் போனபிறகு ஜெனி என்னைப் பார்த்தாள்.

"அம்மாவ ஏசும்போ நீங்க எங்க இருந்தீங்க, அத்த?"

"அம்மா பக்கத்துலதான் இருந்தேன். வேல போயிருமோன்னு பயந்து சும்மா இருந்துட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்றோடு மூன்று நாள், என்னிடம் பேசவில்லை. பேசாமலிருக்கட்டும். அது எனக்குச் சேரவேண்டியதுதான்.

அவள் எத்தனை தரம் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன், மைனி. என்னை நல்லவளாக்கிக் காட்ட ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

அன்று வாயைத் திறக்காத உங்கள் நாத்தனார்,
ஷீபா